பேக்கிங்குக்கு அடியில் ஒரு சிலுவை

ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இக்னேஷியஸ் வீடு எது என்று கேட்டால் எதிர்க்கேள்வி வரும். "எந்த இக்னேஷியஸ்? பாட்டுக்காரரா, டொக்கா?" பாட்டுக்காரர் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் நமக்கு வேண்டாம். நம் ஆள் டொக்கு.

பெயர் சுத்தியலால் வந்தது. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருக்கும் இடத்தில் அவர் விரல் நீளத்துக்கு ஒரு சுத்தியல் வைத்திருப்பார். வார்ப்பு இரும்பை அதனால் தட்டினால் நல்ல இரும்பு மணியாக ஒலிக்கும். உள்ளே கீறல் ஓடியிருந்தால் டொக் என்று அடங்கிவிடும். அந்த டொக்கைக் கண்டுபிடிப்பதுதான் ஃபாக்டரியில் அவருடைய உத்தியோகம். சந்தேகப்படுவதற்கென்றே ஒரு மனிதனுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தால் அவன்தான் என்ன செய்வான்? சங்கு ஊதியதும் சந்தேகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வர முடியுமா? இக்னேஷியஸ் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

பானை வாங்கினால் தட்டுவார். அது ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். இவர் காய்கறிக்கார நாகம்மாவின் எடைக்கல்லையும் தட்டினார். "இன்னா சார், கல்லுக்குக் காய்ச்சலா?" என்று நாகம்மா கேட்ட கேள்வி குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றி வந்தது. மனிதர் அசரவில்லை.

தட்டுவதோடு போயிருந்தால் பரவாயில்லை. குறி போடும் பழக்கமும் இருந்தது. வீட்டுச் சாமான் எது வெளியே போனாலும், ஈயம் பூசப் போகிற பாத்திரமோ கம்பி மாற்றப் போகிற குடையோ, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் உளியால் ஒரு சின்னச் சிலுவை வெட்டி அனுப்புவார். திரும்பி வந்ததும் முதல் காரியமாகச் சிலுவையைத் தேடுவார். போன சாமான்தான் வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

"என் முதுகுலயும் ஒண்ணு போட்டு வெச்சிடுங்க. மார்க்கெட்டுல மாத்திடப் போறாங்க" என்பாள் சகாயம்மாள். அவருடைய மனைவி. பெரம்பூர்க்காரி. அவள் சிரித்துக்கொண்டு சொல்வாள். அவர் சிரிக்க மாட்டார்.

சகாயம்மாளுக்குப் பிள்ளை இல்லை. ஒரே தம்பி, அந்தோணிராஜ். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட, ஒரு டிரங்குப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவன். அவள்தான் சோறு போட்டு, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்க வைத்து, ஆளாக்கினாள். அவளைப் பொறுத்தவரை தம்பியும் அவன்தான், மகனும் அவன்தான்.

எண்பதுகளின் நடுவில் இக்னேஷியஸ் வேலையை விட்டுவிட்டு, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்பக்கத்தில் மச்சினனோடு சேர்ந்து ஒரு ஷெட் போட்டார். லாரி, பஸ் இன்ஜின்களின் மேனிஃபோல்டு வேலை. இன்ஜினிலிருந்து புகையை வாங்கி சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்புக் குழாய்க்குத்தான் அந்தப் பெயர். ஷெட் திறப்பதற்கு முதல் நாள் சகாயம்மாள் புருஷனை மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"நீங்க என்னை சந்தேகப்படுங்க, நாகம்மாவை சந்தேகப்படுங்க, சாமியாரைக்கூட சந்தேகப்படுங்க. என் தம்பி கை வெச்ச சாமான்ல மட்டும் குறி போடாதீங்க. அவனுக்கு நம்மள விட்டா ஆளு இல்ல, எனக்கு அவனை விட்டா ஆளு இல்ல. மாதா மேல கைய வெச்சு சொல்லுங்க."

இக்னேஷியஸ் கை வைத்துச் சொன்னார். பழக்க தோஷம், சொல்லிவிட்டு விரல் கணுவால் சுரூபத்தை லேசாகத் தட்டியும் பார்த்தார். சாந்துச் சுரூபம். டொக் என்றது. சகாயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சொன்ன சொல்லை வெகு காலம் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே வெல்டிங்குக்கும் கடைசலுக்கும் போகிற வாடிக்கையாளர் சாமான்களில் சிலுவை போட்டாரே தவிர, அந்தோணி செய்த வேலையில் உளி வைக்கவில்லை. ஒருமுறை ஒரு வெல்டிங் பட்டறைக்காரன் நல்ல லாரி மேனிஃபோல்டை வைத்துக்கொண்டு, ஒட்டுப் போட்ட பழசுக்குப் பெயின்ட் அடித்துத் தந்தான். சிலுவை இல்லாததை வைத்துத்தான் அது பிடிபட்டது. எஸ்டேட் டீக்கடையில் அன்று முழுக்க இதே பேச்சு. அன்றிலிருந்து தம் சந்தேகத்தின் மேல் இக்னேஷியஸுக்கு அபார நம்பிக்கை பிறந்துவிட்டது. உலகத்தில் அவர் நம்பியது அது ஒன்றைத்தான்.

எங்கே போடுவது என்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். மேனிஃபோல்டில் குழாயும் குழாயும் முகத்தோடு முகம் சேருகிற இடத்தில், நடுவே கசிவை அடைக்கப் பேக்கிங் அட்டை உட்காருமே, அந்த அட்டைக்கு அடியில். அட்டை மூடிவிட்டால் ஆண்டவனுக்கும் தெரியாது. லாரியில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மிஞ்சிப்போனால் இழை அளவு புகை கசியும். புகைக்கு என்ன, ஊரெல்லாம் புகைதான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பார்த்தசாரதி வந்தார். எஸ்டேட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனி வைத்திருந்தவர். துறைமுகத்தில் ஏலம் விட்ட பழைய விசைப்படகு ஒன்றை வாங்கிப் பழவேற்காட்டு ஏரியில் கட்டிப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி மக்களோடு போய் ஓட்டுவது அவருடைய ஆசை. காரின் பின்னாலிருந்து இரண்டு துருப்பிடித்த வார்ப்புகளை இறக்கினார். இன்ஜினுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

"உப்புத் தண்ணி தின்னுடுச்சு. இதே மாதிரி வேணாம். இதைவிட நல்லதா, புதுசா, கெட்டியா செஞ்சு தரணும். முடியுமா?"

"உப்புத் தண்ணிக்கும் புகைபோற குழாய்க்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டார் இக்னேஷியஸ். முதல் சந்தேகம் அங்கேயே விழுந்துவிட்டது.

சம்பந்தம் இருந்தது. அந்தோணி ஒன்றைக் குறுக்கே அறுத்துக் காட்டினான். லாரியில் மேனிஃபோல்டு பழுக்கக் காய்ந்தாலும் போகிற காற்றில் ஆறிவிடும். படகில் இன்ஜின் பலகைக்கு நடுவே மூடிக் கிடக்கிறது. அங்கே குழாய் காய்ந்தால் படகே பற்றிக்கொள்ளும். அதனால் குழாய்க்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவில் ஏரித் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். மேனிஃபோல்டின் தலையில் வளைந்த கழுத்து ஒன்று உட்காரும். தண்ணீர் அந்தக் கழுத்தின் நுனிவரை தனிவழியாகவே ஏறி, அங்கேதான் புகையோடு கலந்து பின்பக்கமாக வெளியேறும். கழுத்து உட்காருகிற முகத்தில் நடுவே புகைத் துளை, சுற்றிலும் தண்ணீர்த் துளைகள். இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்துக்கு இரும்பு.

"இந்த வெரல் அகலம் ஒழுகிச்சுன்னு வெச்சுக்கோ மாமா, தண்ணி திரும்பி இன்ஜினுக்குள்ளயே எறங்கிடும். அப்புறம் ஆயிலு, சிலிண்டரு எல்லாம் காலி" என்றான் அந்தோணி.

"ஓஹோ. தண்ணி போட்ட இன்ஜின்" என்றார் இக்னேஷியஸ். அவர் வாழ்நாளில் அடித்த ஒன்றிரண்டு ஜோக்குகளில் அது ஒன்று. அந்தோணி சிரித்தான்.

புதுசுக்கு அந்தோணியே மர அச்சு செய்தான். சுவரைத் தடிப்பாக்கினான். பழைய கழுத்து குட்டை. பின்னாலிருந்து அலை தள்ளினால் தண்ணீர் திரும்பி ஏறிவிடும் என்று கழுத்தை உயர்த்தினான். ஃபவுண்டரியில் வார்த்து, துளை போட்டு, முகத்தை கிரைண்டிங்கில் கண்ணாடியாகத் தேய்த்து வாங்கி வந்தான். தண்ணீர் அடைத்து அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு கசியவில்லை.

இக்னேஷியஸ் சுத்தியலை எடுத்துத் தட்டினார். டொக்.

மறுபடி தட்டினார். டொக். இரண்டாவதைத் தட்டினார். அதுவும் டொக். அறுத்துப் போட்ட பழசைத் தட்டினார். அதுவும் டொக்தான். இரட்டைச் சுவர் இரும்பில் நல்லதற்கும் டொக், கெட்டதற்கும் டொக். வாழ்நாளில் முதல்முறையாகச் சுத்தியல் அவருக்கு எதுவும் சொல்லவில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அந்தோணியின் நடத்தையும் மாறியது. சாயங்காலமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான். கேட்டால், "சும்மா, தெரிஞ்சவரப் பாக்க" என்றான். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனும் ஒரு கறுத்த தடித்த ஆளும் பெஞ்சில் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்ததை இக்னேஷியஸ் பார்த்துவிட்டார். பின்பக்கமாகப் போய், வாழைத்தாரின் மறைவில் நின்றார். லாரிச் சத்தத்துக்கு நடுவே பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"...ரெண்டு பீஸையும் பத்திரமா எடுத்துக்கினு வா, அங்க நான் பாத்துக்கறேன்..."

"...மாமாக்கு மட்டும் தெரிய வேணாம் அண்ணாத்தே..."

இவர் முன்னால் வந்து நின்றதும் பேச்சு பட்டென்று நின்றது. அந்தோணியின் முகம் சிவந்தது. அந்த ஆள் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனான். யார் என்று டீக்கடைக்காரரிடம் விசாரித்தால், பெயர் வரதன், ராயபுரம் பக்கம் என்றார். ராயபுரமா? கழித்துப்போட்ட இரும்பெல்லாம் போய்ச் சேருகிற திசை அது. இக்னேஷியஸுக்குக் கணக்கு ஒத்துப்போயிற்று. புது வார்ப்பு ராயபுரத்துக்குப் போகும். அறுத்ததையும் சேர்த்துப் பழையதையே எங்கேயாவது ஒட்டுப் போட்டு, பெயின்ட் அடித்து, பார்த்தசாரதி தலையில் கட்டுவார்கள். படகு வேலை, யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

பழவேற்காட்டுக்குப் போய்ப் பொருத்துவதற்கு முதல் நாள். மத்தியானம் அந்தோணி சாப்பிடப் போயிருந்தான். ஷெட்டில் இக்னேஷியஸும் இரண்டு மேனிஃபோல்டுகளும்தான். மாதா மேல் கை வைத்தது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. வந்ததற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தார். தம்பி கை வைத்த சாமானில் போடாதே என்றுதானே சொன்னாள்? முகத்தைத் தேய்த்தது கிரைண்டிங்காரன். அந்தப் பரப்பு அவன் கை வைத்தது. இப்படி வாதாட வக்கீலுக்குக்கூட வராது.

உளியை எடுத்தார். எப்போதும் போடுகிற இடம்தான், பேக்கிங் உட்காருகிற முகம். தண்ணீர்த் துளைக்கும் புகைத் துளைக்கும் நடுவே கண்ணாடியாகப் பளபளத்த அந்த விரல் அகலத்தில் நெடுக்கே ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு. சிலுவை அழகாக விழுந்தது. இரண்டாவதிலும் போடக் கையை ஓங்கியபோது வெளியே சைக்கிள் மணி கேட்டது. உளியை எடுத்து மறைத்தார். சிலுவை தெரியக்கூடாதே. அவசர அவசரமாக அதன் மேல் பசையைத் தடவிப் பேக்கிங் அட்டையை ஒட்டிவிட்டார்.

அந்தோணி உள்ளே வந்து பார்த்தான். "இன்னா மாமா, நீயே ஒட்டிட்டியா?" அவன் குரலில் ஆச்சரியமும் சந்தோஷமும் இருந்தன. அதற்கு முன் மாமா அவன் வேலையில் குற்றம் பார்த்திருக்கிறாரே தவிர, கை கொடுத்ததில்லை.

"ஒண்ணுதான் ஒட்டினேன். இன்னொண்ணை நீ ஒட்டு."

இன்னொன்றை அந்தோணி தன் வழக்கப்படி செய்தான். முகத்தில் நீலச் சாயம் தடவி, சமப்பலகையில் வைத்துப் பார்த்து, மேடு பள்ளம் இல்லை என்று தெரிந்த பிறகு ஒட்டினான். மாமா ஒட்டியதை அவன் தொடவில்லை.

மறுநாள் இக்னேஷியஸ் ஷெட்டைப் பார்த்துக்கொள்ள, அந்தோணி போய்ப் பொருத்திவிட்டு வந்தான். படகு நன்றாகத்தான் ஓடியது. பார்த்தசாரதி லட்டு டப்பாவோடு ஷெட்டுக்கு வந்து போனார். ஆனால் மழைக்காலம் வருவதற்குள் இன்னொரு முறை வந்தார். இந்தத் தடவை கையில் லட்டு இல்லை. ஏரி நடுவில் இன்ஜின் நின்றுவிட்டது. மீன்பிடிக்கிற தோணி ஒன்று கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறது. அவர் மனைவி மீன் கூடைகளுக்கு மத்தியில் உட்கார்ந்து வந்திருக்கிறார். திறந்து பார்த்தால் ஆயில் பால் ஊற்றின டீயாட்டம் இருந்ததாம். இடப்பக்கம் தண்ணீர் ஏறியிருக்கிறது.

"எவன் தப்புன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இக்னேஷியஸ் வாயைத் திறந்தார். அந்தோணி எதிரில் உட்கார்ந்திருந்தான். சகாயம்மாள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"புது வார்ப்பு இவ்வளவு சீக்கிரம் ஒழுகாது. உன் தம்பி மாத்திட்டான்."

கரண்டி நின்றது. "குறி கிறி போட்டீங்களா?"

"இல்ல" என்றார் இக்னேஷியஸ்.

அவள் நம்பினாள். "அப்போ எதை வெச்சு சொல்றீங்க?"

"ராயபுரத்தான் ஒருத்தனோட என்ன பேச்சு? எனக்குத் தெரிய வேணாம்னு என்ன ரகசியம்? கேட்டுச் சொல்லு" என்று சத்தம் போட்டார்.

அந்தோணி சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றான். "தொறந்து பாக்கலாம் மாமா. நீயே வந்து பாரு. உள்ள கீறது நம்ம வார்ப்பு இல்லேன்னா, இந்த ஊட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன். அக்கா செத்தாலும் வரமாட்டேன்."

"டேய், அப்படியெல்லாம் சொல்லாதடா" என்று சகாயம்மாள் அழுதாள். யாரும் மேற்கொண்டு சாப்பிடவில்லை.

பார்த்தசாரதி காரில் பழவேற்காட்டுக்குப் போனார்கள். வழி முழுக்க அந்தோணி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். இக்னேஷியஸின் நெஞ்சில் மட்டும் ஒரு நிம்மதி. சிலுவை இருக்கிறதே. திறந்தால் பத்தே நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். நடுவழியில், சிலுவை இருக்கக்கூடாது என்று தாம் விரும்புகிறோமோ என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

படகுத்துறையில் வரதன் நின்றிருந்தான். இக்னேஷியஸ் பல்லைக் கடித்தார். கூட்டுக்களவாணிகள் இரண்டு பேரும் ஒன்றாக வந்துவிட்டார்களா?

"இவரு வரதன் அண்ணாத்தே" என்றான் அந்தோணி, பார்த்தசாரதியைப் பார்த்து. "ராயபுரத்துல மீன்புடிக்கிற லாஞ்சு இன்ஜின் பாக்கறவரு. நமக்கு லாரிதான் சார் தெரியும், படகு வேல புச்சு. அதான் தெனம் போயி இவராண்ட கேட்டுக்கினு இருந்தேன். அன்னிக்குப் பொருத்தறப்பவும் கூட இருந்தாரு. மாமா வேற ஒருத்தர உள்ள உட மாட்டாரு, அதனால சொல்லல."

இக்னேஷியஸ் அதையும் நம்பவில்லை. திறக்கட்டும், பார்க்கலாம்.

அந்தோணியே நட்டுகளைக் கழற்றினான். கழுத்தைத் தூக்கி எடுத்தான். பேக்கிங் அட்டை ஊறிக் கிழிந்து கையோடு வந்தது. துணியால் ஒரு துடை துடைத்தான்.

சிலுவை இருந்தது.

"நம்மதுதான்!" என்று இக்னேஷியஸ் கத்திவிட்டார். வயதான மனிதர், படகு ஆடும்படி குதித்தார். "நம்ம பீஸ்தான், மாறல! அந்தோணி, மாறலடா!" நெஞ்சிலிருந்த பாரம் அத்தனையும் இறங்கியது. உண்மையான சந்தோஷம். கண்ணில் தண்ணீர் வந்தது. மச்சினன் திருடன் இல்லை. சகாயம்மாளிடம் போய்ச் சொல்லலாம்.

அந்தோணி சிரிக்கவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். வரதனும் குனிந்தான். பிறகு இக்னேஷியஸும் குனிந்தார்.

சிலுவையின் நீண்ட வெட்டு தண்ணீர்த் துளையின் விளிம்பில் தொடங்கிப் புகைத் துளையின் விளிம்பில் முடிந்திருந்தது. வெட்டு நெடுகிலும் வெள்ளை வெளேரென்று உப்பு. அது முடிகிற இடத்திலிருந்து புகைத் துளைக்குள் துருக்கோடு ஒன்று வழிந்து இறங்கியிருந்தது. தண்ணீர் போன வழி அது. வலப்பக்கத்தையும் கழற்றினார்கள். அங்கே சிலுவை இல்லை. உப்பும் இல்லை, துருவும் இல்லை. முகம் கண்ணாடியாகவே இருந்தது.

லாரியில் புகை கசிந்திருக்கும். இங்கே புகைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடுகிறது. அந்த விரல் அகலத்தில் அவர் தம் கையாலேயே ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார்.

"இன்னா இது, கீறல் மாதிரி?" என்று பார்த்தசாரதி எட்டிப் பார்த்தார்.

வரதன் வாயைத் திறக்கப் போனான். அந்தோணி அவன் கையைப் பிடித்தான். "என் தப்பு சார். கிரைண்டிங் முடிஞ்சு எடுத்துக்கினு வரப்போ உளி பட்டிருக்கும். நான் சரியா பாக்கல. மொகத்தத் தேய்ச்சு, இன்ஜினும் நானே பாத்துத் தரேன் சார்."

"கவனம் வேணும்யா. என் குடும்பம் ஏறிப் போற போட்டு" என்று பார்த்தசாரதி அவனைத்தான் திட்டினார். அவன் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். இக்னேஷியஸ் நின்றுகொண்டிருந்தார். 'நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். குனிந்து, கிழிந்த பேக்கிங்கைப் பொறுக்கினார். என்ன மனிதன் என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கும் தோன்றுகிறது.

பார்த்தசாரதி காருக்குப் போன பிறகு அந்தோணி மெதுவாகச் சொன்னான்.

"வலதுபக்கம் நான் சாயம் தடவிப் பாத்தேன் மாமா. எடது பக்கம் பாக்கல. நீ ஒட்டினதாச்சே, ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் ஒட்டினத நான் இன்னா பாக்கறதுன்னு உட்டுட்டேன்."

அவ்வளவுதான் பேசினான். சொன்னபடி முகத்தைத் தேய்த்து, இன்ஜினைச் சரிசெய்து, படகை ஓட்டிக் காட்டிவிட்டு, அடுத்த மாதமே அயனம்பாக்கத்தில் வரதனோடு தனி ஷெட் போட்டான். நம் வார்ப்பு இல்லையென்றால் வாசல் மிதிக்க மாட்டேன் என்றவன், நம் வார்ப்பாகவே இருந்தும் மிதிக்கவில்லை. அக்காவைக் கோயிலில் பார்ப்பான். கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பான். வீட்டுக்கு வரச் சொன்னால், "வேல கீதுக்கா" என்று நழுவிவிடுவான். நடந்ததை அவளிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சகாயம்மாள் புருஷனைக் கேட்டாள். "நம்ம பீஸ்தான்னு சொல்றீங்க. அப்புறம் அவன் ஏன் போனான்? அவன் தப்பா?"

இக்னேஷியஸ் மாதா சுரூபத்தைப் பார்த்தார். பார்வையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் சிரித்துக்கொண்டு முதுகில் குறி போடச் சொன்னதில்லை.

தனியாளாக ஷெட்டை நடத்த இக்னேஷியஸால் முடியவில்லை. சில வருஷங்களில் மூடிவிட்டார். பிறகு ஒருநாள் அவருடைய பழைய ஸ்கூட்டரின் இன்ஜின் மூடி, சிலிண்டர் ஹெட், விரிசல் விட்டது. ஊரில் பத்துப் பட்டறை இருந்தது. அவர் ஹெட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அயனம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினார். ஏன் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

ஏரிக்கரையை ஒட்டி ஷெட். வாசலில் இரண்டு லாஞ்சு இன்ஜின்கள் கிடந்தன. அந்தோணி எழுந்து வந்து, "வா மாமா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ வரவழைத்தான். ஹெட்டைத் திருப்பிப் பார்த்து, "வெச்சுட்டுப் போ, ஞாயித்துக்கெழம தரேன்" என்றான்.

பிறகு உப்புத்தாளை எடுத்தான். ஹெட்டின் வெளிப்பக்கத்தில், நகம் அகலத்துக்கு ஒரு இடத்தைப் பளபளவென்று தேய்த்தான். உளியையும் சுத்தியலையும் எடுத்து அவர் முன்னால் நீட்டினான்.

"இந்த எடத்துல போட்டுக்க மாமா. இங்க போட்டா ஒழுகாது."

குத்தலாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் அவருக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்த அதே மரியாதையோடுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. அந்த இடத்தில் அவன் அவரைச் செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இக்னேஷியஸ் உளியை வாங்கினார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வேணாம்டா. உன்கிட்ட எதுக்கு" என்றார். எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பஸ்ஸில், இவன் ஏன் இவ்வளவு தாராளமாக உளியை நீட்டினான் என்று பழைய புத்தி ஒருமுறை தலையைத் தூக்கியது. அதை அவரே அதட்டி உட்கார வைத்தார். வீடு வந்து சேரும்போது மனசு வெகு காலத்துக்குப் பிறகு லேசாக இருந்தது.

சகாயம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். "அவன்கிட்டயா குடுத்தீங்க?"

"ஆமா."

"குறி போட்டீங்களா?"

"இல்ல" என்றார் இக்னேஷியஸ். அவர் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய உண்மையைச் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார்.

சகாயம்மாள் அவர் வலது கையை எடுத்தாள். விரல்களைப் பிரித்து, இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் போய் ஹெட்டை வாங்கி வந்தார். அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் அவள் துணியைப் பிரித்து, அதைத் தூக்கி, மேலும் கீழும் உள்ளும் புறமும் குறியைத் தேடிக்கொண்டிருந்தாள்.